சீட்டு விழுந்த பிள்ளையும் விழாத பிள்ளையும்

என் இரண்டு பிள்ளைகளில் மூத்தவளுக்குக் குலுக்கலில் பெயர் விழுந்தது, இளையவனுக்கு விழவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் 2016-ல் எல்.கே.ஜி. சேர்ந்த மகள், இப்போது அதே தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு. மகன் எங்கள் தெருக்கோடியில் இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். குலுக்கலுக்கு விண்ணப்பம் போட வருகிற அக்கம்பக்கத்துத் தாய்மார் என் மேசைக்குத்தான் வருவார்கள். எல்லாம் அனுப்பி முடித்து ரசீதைக் கையில் கொடுத்ததும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "உங்க பிள்ளைங்க ரெண்டு பேர்ல எது நல்லா படிக்குதுக்கா?" ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. தனியார் சுயநிதிப் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் கால்பங்கு இடத்தை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். அந்தப் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை எட்டாம் வகுப்பு வரை அரசு பள்ளிக்குக் கொடுக்கும். தமிழ்நாட்டில் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஆதரவற்ற பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் போன்றோருக்குக் குலுக்கல் இல்லாமலே முன்னுரிமை உண்டு.

குலுக்கல் அன்று பள்ளிக்குப் போய் நின்றவர்களுக்கு அந்த இறுக்கம் தெரியும். மகளுக்கு நடந்தபோது ஒவ்வொரு விண்ணப்பத்தின் எண்ணையும் ஒரே அளவுத் துண்டுத் தாளில் எழுதி, எங்களிடம் தூக்கிக் காட்டி, நாலாக மடித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டார்கள். கல்வித் துறையிலிருந்து வந்தவர் மூடியைப் போட்டுக் குலுக்கினார். ஒருவர் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தார். வந்திருந்த பிள்ளைகளில் ஒரு பாப்பாவைக் கூப்பிட்டுச் சீட்டை எடுக்கச் சொன்னார்கள். அது எடுத்த சீட்டை விடாமல் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டது. அதன் விரலை மெல்லப் பிரித்து எண்ணைப் படிக்கிற வரைக்கும் அந்த அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. விழுந்த தாய் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விழாதவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்கள்.

டப்பாவுக்குள் நடந்தது நியாயமாகத்தான் நடந்தது. வார்டு கவுன்சிலரின் கடிதமோ தாளாளரின் உறவோ அந்த மடித்த தாளுக்குத் தெரியாது. மத்திய அரசு நடத்துகிற கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி. ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்து இடம் பரிந்துரைக்கும் உரிமை இருந்ததே, 2022-ல் அதை நிறுத்தினார்கள். அந்தப் பரிந்துரைக் கடிதத்துக்காக மாவட்டம் மாவட்டமாக எத்தனை பேர் அலைந்திருப்பார்கள்! அதோடு ஒப்பிட்டால் குலுக்கல் எவ்வளவோ மேல்.

ஆனால் டப்பாவுக்குள் யாருடைய எண்ணே போகவில்லை என்பதை யோசித்தால்தான் எனக்கு வயிறு எரியும். மெட்ரிக் பள்ளிகளும் நர்சரி பள்ளிகளும் பஸ் நிற்கிற ஊர்களில் இருக்கின்றன. ராமநாதபுரம், கீழக்கரை, உச்சிப்புளி, ராமேசுவரம் என்று எடுத்துக்கொண்டால் கடைத்தெருவைச் சுற்றித்தான் பள்ளி. கடலோரக் குடியிருப்புகளிலிருந்து பார்த்தால் அந்த ஒரு கிலோமீட்டர் வட்டம் பெரும்பாலும் ரோட்டோடு முடிந்துவிடும். வள்ளத்தில் போகிறவர், கடல்பாசி எடுக்கப் போகிற அம்மா, கரைவலை இழுக்கிற குடும்பம் இவர்கள் எல்லாம் வட்டத்துக்கு வெளியே. சட்டம் யாரை நினைத்து எழுதப்பட்டதோ அவர்களில் பலருக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. எங்கள் வீடு வட்டத்துக்குள் இருந்தது. அது எங்கள் அதிர்ஷ்டம்; குலுக்கலுக்கு முன்பே எங்களுக்கு விழுந்த சீட்டு அது.

இன்னொன்றும் இந்தக் கரைக்கே உரியது. 2014-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் பக்கத்தில் நல்ல பெயர் எடுத்த பள்ளிகளில் பல, திருச்சபைகளும் முஸ்லிம் அறக்கட்டளைகளும் நடத்துபவை. அந்தப் பள்ளிகள் தங்கள் விருப்பப்படி ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்கலாம், சேர்க்கிறார்கள். ஆனால் 25 சதவீதத்தைக் காட்டி உரிமையோடு கேட்க முடியாது. "எங்க வீட்டு வாசல்லயே பள்ளிக்கூடம் இருக்கு லாத்தா, ஏன் பட்டியல்ல வரல?" என்று கேட்கிற தங்கைகளுக்கு இதைத்தான் சொல்லிப் புரிய வைக்கிறேன்.

அப்புறம் சான்றிதழ். விண்ணப்பக் காலம் வழக்கமாக ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதத்தில் முடியும். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர்களுக்கு வருமானமே இல்லாத நேரம் அது. பலர் கேரளாப் பக்கம் வேலைக்குப் போய்விடுவார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை, கடலுக்குப் போவார்கள். வருமானச் சான்றுக்கோ சாதிச் சான்றுக்கோ பதிவு செய்தால் ஓடிபி வரும். வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரே நம்பர், அது கணவன் சட்டைப் பையில். கொச்சியில் இருக்கிறவர் போனில் எண்ணைச் சொல்லிவிடுவார். கடலுக்குள் இருப்பவருக்கு சிக்னல் கிடைக்காது. இடுப்பில் கைக்குழந்தையோடு, "இப்ப கரைக்கு வந்துருவாக, வந்துருவாக" என்று சொல்லிக்கொண்டே என் மேசைக்கு எதிரில் மதியம் வரை உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை நான் மறக்கவில்லை. ஓடிபி மூன்று முறை காலாவதி ஆனது. கடைசியில் அவள் அண்ணன் நம்பரைப் போட்டுப் பதிவு செய்தோம்.

அதனால் நான் சொல்வது: மார்ச் மாதத்திலேயே பிறப்புச் சான்று, சாதிச் சான்று, முகவரிக்கான ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயரும் தகப்பன் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் தங்கியிருக்கிற ஆளின் கைபேசி எண்ணை ஆதாரில் சேர்த்துவிடுங்கள். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31-க்குள் பிள்ளைக்கு மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குக் கீழ் என்பது நலிவடைந்த பிரிவுக்கான கணக்கு. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். இரண்டில் எது உங்களுக்குக் கைவசம் இருக்கிறதோ அதில் போடுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் ஒரு சான்று நிலுவையில் கிடக்கிறது என்பதற்காக வருஷத்தை விட்டுவிடாதீர்கள். இந்தத் தேதிகளையும் முழுசாக நம்பி இருந்துவிட முடியாது. 2025-ல் மத்திய அரசிடமிருந்து நிதி வராமல் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. ஜூனில் எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் தாய்மார்கள் தவித்தார்கள்.

விழுந்த பிறகு என்ன ஆகும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அரசு கொடுப்பது கல்விக் கட்டணம். வேன், புத்தகம், சீருடை, ஷூ, ஆண்டு விழா, கராத்தே வகுப்பு என்று மகளின் பள்ளியில் தனித்தனி ரசீது வந்தது. இந்தப் பிள்ளைகளுக்குச் சீருடை, புத்தகச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. பள்ளி அலுவலகத்தில் அதை எடுத்துச் சொன்னபோது, "அரசு எங்களுக்கே பாக்கி வச்சிருக்கும்மா" என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய் இல்லை. கட்டணத் தொகை தாமதமாகத்தான் வருகிறது. இரு பக்கமும் சரியாக இருக்க, நடுவில் என் மகளின் பெயர் வகுப்பில் வாசிக்கப்பட்டது, பணம் கட்டாதவர்கள் பட்டியலில். பிள்ளை வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமாதானமாகப் போக மாட்டேன். பாக்கி இருந்தால் பெற்றோரைக் கூப்பிடுங்கள். பிள்ளையை எழுப்பி நிறுத்தாதீர்கள். சேர்க்கிற அன்றே எதற்கெல்லாம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள், கட்டாயமில்லாத கராத்தே போன்றவற்றுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அரசு தொடக்கப் பள்ளிகளில் 2023 ஆகஸ்ட் முதல் காலை உணவு எல்லா ஊருக்கும் வந்துவிட்டது, மதியச் சாப்பாடு எப்போதும் உண்டு. விடிகாலையில் ஏலக் கரைக்கோ பாசிக்கோ போகிற அம்மாவுக்கு அந்தக் காலை உப்புமாவும் கிச்சடியும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வாழ்க்கையில் இருந்தால்தான் தெரியும். குலுக்கலில் விழுந்து தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பிள்ளை இரண்டாம் வகுப்போடு திரும்பி வந்து ஒன்றியப் பள்ளியில் சேர்ந்தது. படிப்பு வராமல் இல்லை. ஏழு மணிக்கு வரும் வேனுக்கு டிபன் கட்டிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை.

இனி, யார் நன்றாகப் படிக்கிறார்கள் என்ற கேள்வி. மகள் ஆங்கிலத்தை நன்றாக வாசிப்பாள்; கூச்சமில்லாமல் எழுந்து பேசுவாள். ஆனால் மூன்றாம் வகுப்பு வரை வாசித்ததன் அர்த்தம் கேட்டால் முழிப்பாள். தமிழில் பத்தி எழுதச் சொன்னால் ஒற்று எல்லாம் பறந்துவிடும். மகன் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தது கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலையில் தன்னார்வலர் ஒருத்தி கோயில் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். மறு ஆண்டு, சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடுக்கிற எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. சில்லறை கொடுத்து மீதி வாங்குகிற கணக்கு அவனுக்கு மகளைவிட வேகமாக வரும். ஆங்கிலம் இன்னும் தடுமாற்றம்தான்.

இதை வைத்து எந்தப் பள்ளி மேல் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் இரண்டு குணம், அவள் வயது வேறு, இவன் வயது வேறு. எங்கள் பக்கத்தில் கலாம் ஐயா பேரைச் சொல்லி வாதம் முடிப்பவர்கள் உண்டு. ராமேசுவரத்துத் தொடக்கப் பள்ளியில் படித்து, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போய், குடியரசுத் தலைவர் ஆனார், உண்மை. அவர்மேல் எனக்கு இருக்கிற மரியாதைக்கு அளவில்லை. ஆனால் அவரோடு அதே பெஞ்சில் உட்கார்ந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் ஒரு பள்ளியை எடை போட முடியாது. தனியார் பள்ளி வாசலில் பிளக்ஸில் சிரிக்கிற முதல் மதிப்பெண் பிள்ளைக்கும் இதே நியாயம்தான்.

குலுக்கலில் ஒரு நல்லது இருக்கிறது. விழுந்த பிள்ளையின் வீடும் விழாத பிள்ளையின் வீடும் ஒரே மாதிரி வீடுதான். இரண்டு அம்மாவும் அலைந்தவர்கள், இரண்டு அப்பாவும் ஆசைப்பட்டவர்கள். வித்தியாசம் அந்தச் சீட்டு மட்டும். சில வருஷம் கழித்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால், பள்ளி என்ன செய்தது என்று ஓரளவு தெரியும். விண்ணப்பமே போடாத வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் அது தெரியாது, அம்மாவின் அலைச்சலும் சேர்ந்து மதிப்பெண்ணாக நிற்கும். ஆந்திராவில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 180 கிராமங்களில் இப்படித்தான் பார்த்தார்கள். குலுக்கலில் தேர்ந்த பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கொடுத்து, நாலு வருஷம் கழித்துப் பரீட்சை வைத்தார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தனியார் பள்ளியில் கூடுதலாக இருந்தது இந்தி. அரசுப் பள்ளியைவிட மிகக் குறைந்த செலவில் தனியார் பள்ளி அதே அளவு சொல்லிக் கொடுத்தது என்பதும் அந்த ஆய்வில் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கிற, குலுக்கல் வைத்துச் சேர்க்கிற சார்ட்டர் பள்ளிகள் இருக்கின்றன. பாஸ்டன் நகரத்தில் சீட்டு விழுந்த பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். 15 மாநிலங்களில் நடுநிலைப் பள்ளிகளைப் பார்த்து 2010-ல் வந்த ஆய்வில் சராசரியாக வித்தியாசமே இல்லை. ஆக, குலுக்கல் பள்ளி என்ற பெயருக்குத் தனியாக ஒரு மகிமையும் கிடையாது. அந்தப் பள்ளிக்குள் யார் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதுதான்.

பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன அரசுப் பள்ளிக்கு என்ன ஆகிறது? ஆந்திர ஆய்வில், போகாமல் நின்ற பிள்ளைகளின் படிப்புக்குப் பாதிப்பு தெரியவில்லை. ஆனால் இங்கே நான் பார்க்கிறது ஈராசிரியர் பள்ளி. சட்டப்படி 60 பிள்ளை வரைக்கும் இரண்டு ஆசிரியர்தான், வகுப்போ ஐந்து. பிள்ளைகள் எண்ணிக்கை அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஒரு ஆசிரியர் உபரி ஆகிவிடுவார், பணி நிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். இருக்கிற இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ போனால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒரே அறையில். "டீச்சர் இல்லை" என்று இன்னும் நாலு பேர் பிள்ளையை மாற்றுவார்கள். வருஷத்துக்கு வருஷம் இப்படித்தான் ஒரு பள்ளி தேய்கிறது. 25 சதவீதத்துக்கு அரசு கொடுக்கிற பணத்தில் ஒரு பங்காவது இந்தச் சின்னப் பள்ளிகளுக்கு மூன்றாவது ஆசிரியராக வர வேண்டும் என்பது என் வாதம். ஒன்றை எடுத்து ஒன்றுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை, இரண்டும் வேண்டும்.

மகன் சேர்ந்த பிறகு நாங்கள் சில தாய்மார் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்தோம். குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். பெயருக்குக் கையெழுத்துப் போடுகிற குழுவாக இருந்தது. முதலில் நாங்கள் கேட்டது கழிப்பறைக்குத் தண்ணீர். இந்தக் கரையில் ஆழ்துளைத் தண்ணீர் உப்பு, குழாய் எல்லாம் அரித்துப் போயிருந்தது. தீர்மானம் எழுதி, நகல் எடுத்து, வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் ஊராட்சியிலும் கொடுத்து ரசீது வாங்கினோம். தண்ணீர் வந்ததும் பெரிய பெண்பிள்ளைகள் மதியத்தோடு வீட்டுக்கு ஓடுவது நின்றது. தனியார் பள்ளியில் எனக்கு இந்த இடம் கிடையாது. அங்கே நான் கட்டணம் பற்றி விசாரிக்க ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஆள். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறேன், தலைமையாசிரியை பதில் சொல்கிறார்.

எந்தப் பள்ளியாக இருந்தாலும் சேர்ப்பதற்கு முன் ஒரு வேலை நாளில் பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, அது பார்க்காத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்ததைச் சொந்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். கட்டடத்தையும் டையையும் பார்ப்பதைவிட இது நம்பகமானது. எத்தனை ஆசிரியர், போன வருஷம் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். தனியார் பள்ளியில் சம்பளம் குறைவு என்பதால் நடுவில் ஆசிரியர் மாறிக்கொண்டே இருப்பார்கள். மகளுக்கு ஒரே வருஷத்தில் கணக்கு டீச்சர் திரும்பத் திரும்ப மாறினார்கள்.

கேந்திரிய வித்யாலயா பற்றியும் கேட்கிறார்கள். ராமநாதபுரத்தில் இருக்கிறது. அங்கேயும் ஒன்றாம் வகுப்பில் கால்பங்கு இடத்துக்குக் குலுக்கல் உண்டு, விண்ணப்பம் தனி, வயது ஆறு முடிந்திருக்க வேண்டும். மீதி இடங்களில், இடமாற்றல் உள்ள மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத்தான் முதல் உரிமை. கடற்படை, கடலோரக் காவல் படை இருக்கிற கரை இது, அதனால் மிச்சம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக, எட்டாம் வகுப்பு. அரசு பணம் கொடுப்பது அதோடு நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம் நம் தலையில். இந்த இடத்தில்தான் ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இந்த 25 சதவீத ஒதுக்கீட்டில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் அந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு. பெண் பிள்ளைக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அப்படியே. கடன் வாங்கி ஒன்பதாவதை அதே தனியார் பள்ளியில் தொடர்ந்தால் இரண்டும் போய்விடும். கேந்திரிய வித்யாலயாவும் இந்த 7.5 சதவீதக் கணக்கில் அரசுப் பள்ளி ஆகாது.

என் மகள் வரும் ஜூனில் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். முதலில் முரண்டு பிடித்தாள், தோழிகளை விட்டுப் போக வேண்டுமே என்று. அந்தப் பள்ளிக்கே கூட்டிப் போய் ஆய்வகத்தைக் காட்டினோம், சரி என்றாள். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே, 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை படித்தாள் என்று பள்ளி முத்திரையோடு ஒரு சான்றையும் கேட்டு வாங்குங்கள். நாலு வருஷம் கழித்துக் கலந்தாய்வு நேரத்தில் ஓடினால் தாளாளர் மாறியிருப்பார், பதிவேடு கிடைக்காது, சில சின்னப் பள்ளிகள் மூடியே போயிருக்கும். சேர்க்கை ஆணை, குலுக்கல் ரசீது இருந்தால் அதையும் சேர்த்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகல் எடுக்க எங்கள் மையத்துக்கு வந்தால் நானே பார்த்து அடுக்கித் தருகிறேன்.